பைப்பின் மறுபாதி

பிப்ரவரி 2

அண்ணா,

போன் போட்டால் என் குரலைக் கேட்டதும் "அண்ணி குளிக்கிறா, அப்புறம் பேசு" என்று வைத்துவிடுகிறாய். நான்கு முறை கூப்பிட்டேன். நான்கு முறையும் அண்ணிக்குக் குளியல்தான். இத்தனை குளித்தால் ஜலதோஷம் பிடிக்கும் என்று சொல். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. மூன்றாவது மாடியில் இரண்டு அறை. சன்னல் நான்கு விரல் அளவுக்குத்தான் திறக்கும், அதற்கு மேல் ஒரு கம்பி தடுக்கும். பிள்ளைகள் விழாமல் இருக்கவாம். உன் மருமகள் பள்ளிக்கூடம் போகிறாள். முதல் வாரம் வாயே திறக்கவில்லை, இப்போது வீட்டில் எங்கள் உச்சரிப்பைத் திருத்துகிறாள். அம்மா மாதிரியே வாயாடி என்பாய், சொல்லிக்கொள்.

எழுத வந்த விஷயம் வேறு. நான் எழுதுவது இவருக்குத் தெரியாது.

இவர் இன்னும் இங்கே வெல்டர் இல்லை அண்ணா. பாய்லர் செய்கிற கம்பெனிதான், வெல்டர் வேலைக்குத்தான் கூப்பிட்டார்கள், அதெல்லாம் சரி. ஆனால் ஒரு பரீட்சை வைக்கிறார்கள். இரண்டு பைப் துண்டை வாயோடு வாய் வைத்துச் சாய்த்து இறுக்கிவிடுவார்களாம். அதைத் திருப்பக் கூடாது, ஆள்தான் சுற்றிச் சுற்றி வந்து வெல்டிங் வைக்க வேண்டும். அதில் தேறினால்தான் வெல்டிங் ராடு பிடிக்க விடுவார்கள். அதுவரை கிரைண்டரும் கையுமாகத் துரு தேய்த்துக்கொண்டிருக்கிறார், உன் பட்டறையில் பதினாறு வருஷம் நெருப்போடு நெருப்பாக நின்ற மனுஷன். பரீட்சைக்கு இரண்டே வாய்ப்பு. ஒன்று போன வாரம் போய்விட்டது. இன்னொன்று ஏப்ரல் பதினெட்டு.

எங்கள் மூன்று பேருக்கும் தங்க அனுமதி ஏப்ரல் கடைசி வரைக்கும்தான். தேறாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கட்டிக்கொண்டு எங்கே வருவது? வீட்டைக் காலி செய்தாயிற்று. பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்தாயிற்று. கட்டிலைக்கூடக் கொடுத்தாயிற்று. பட்டறைக்கே திரும்பலாம் என்றால், "போறவன் போகட்டும், திரும்பி வந்து என் பட்டறை வாசல்ல நிக்கக் கூடாது" என்று நீ சொன்னதை நான்தானே பக்கத்தில் நின்று கேட்டேன்.

இவரைக் கேட்டால் "புது மெஷின், கை பழகலை" என்கிறார். எனக்கு வெல்டிங் தெரியாது, ஆனால் இவர் பொய் சொன்னால் தெரியும், காதைச் சொறிவார். இவர் கையை உனக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. எங்கே தப்பு நடக்கிறது என்று சொல். உன் கோபம் இவர்மேல்தானே, என்மேல் இல்லையே?

உன் தங்கை


பிப்ரவரி 11

வாயாடிக்கு,

கடிதம் வந்தது. அண்ணிக்கு ஜலதோஷம் இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவள்தான் இரண்டு நாளாக என்னைக் காய்ச்சி எடுக்கிறாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் வீட்டுக்காரர்மேல் இருக்கிறதா என்பதை உன்னிடம் பேச வேண்டியதில்லை.

புது மெஷின் என்பதெல்லாம் சும்மா. அந்த ஆளுக்கு எந்த மெஷினைக் கொடுத்தாலும் அரை மணியில் கைக்குள் வந்துவிடும். பரீட்சை பைப்பை எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள். படத்தில் எந்த இடத்தில் குறை காட்டியது என்று தெரிந்துகொள். பைப்பின் வாயைக் கடிகாரமாக வைத்துக்கொள். மேலே பன்னிரண்டு, அடியில் ஆறு. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று எனக்கு வேண்டும்.

நான் கேட்டதாகச் சொல்லாதே. சொன்னால் அதோடு நான் எழுத மாட்டேன்.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணா,

இவரிடமிருந்து பெயரவில்லை. உன் மருமகளிடமிருந்து பெயர்ந்தது. கம்பெனி கொடுத்த தாளை அவள்தான் அப்பாவுக்கு வாசித்துச் சொன்னாளாம். கணக்கு நோட்டில் வட்டம் போட்டுக் காட்டினாள். குறை முழுவதும் ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும்தான். வெளியே பார்த்தால் வழவழவென்று இருக்கிறதாம், உள்ளே முதல் அடுக்கில் பிடிக்கவே இல்லையாம். சரியாக ஆறு மணியில் ஒரு ஓட்டை. அந்தப் பக்கம், மூன்று மணிப் பக்கம், ஒரு புள்ளி குறைகூடக் கிடையாது. அங்கே ஒரு சூப்பர்வைசர் அம்மா இருக்கிறார், நெட்டையாக, அதிகம் பேச மாட்டார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு ஆள் செய்த மாதிரி இருக்கிறதே என்றாராம்.

வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் துண்டு பைப்பில் பழக விடுகிறார்கள். அது போதாமல் வீட்டிலும் நடக்கிறது. ஒரு பார்சலில் வந்த அட்டைக் குழாயை மேசைக் காலில் சாய்வாக வைத்து டேப் சுற்றிவிட்டார். மேசைக்கடியில் போய் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு பென்சிலால் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார். முந்தாநாள் சாயங்காலம் பென்சில் ஒன்பது மணியை நெருங்கும்போது முழங்கை மேசையில் இடித்து, மேலே விளிம்பில் இருந்த தண்ணீர் டம்ளர், வெளியே நீட்டியிருந்த முகத்தில் அப்படியே கவிழ்ந்தது. நானும் பிள்ளையும் விழுந்து விழுந்து சிரித்தோம். இவர் சிரிக்கவில்லை. துடைத்துக்கொள்ளவும் இல்லை. ஈரத்தோடு கொஞ்ச நேரம் அங்கேயே படுத்திருந்தார்.

கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்றை நான் இன்னும் பிரிக்கவில்லை. ஏன் என்று இவர் கேட்கவும் இல்லை. சீக்கிரம் எழுது.

உன் தங்கை


மார்ச் 1

வாயாடிக்கு,

நான் நினைத்ததுதான். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

நான் இடக்கையன் என்பது உனக்குத் தெரியும். அதற்காக அப்பாவிடம் வாங்கிய அடி தெரியாது, நீ அப்போது பிறக்கவில்லை. உன் வீட்டுக்காரர் வலக்கையர். அவர் பட்டறைக்கு வந்த முதல் வாரமே எங்களுக்கு ஒரு வழக்கம் படிந்துவிட்டது. ஒரு பைப் என்றால் இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவர். அடியில் ஆறு மணியில் நான் ஆரம்பித்து ஒன்பது மணிப் பக்கமாக ஏறுவேன். நான் வைத்த ஆரம்பத்தில் அவர் கோத்துக்கொண்டு மூன்று மணிப் பக்கமாக ஏறுவார். மேலே பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் நான் நிறுத்திக்கொள்வேன், அவர் வந்து மூடுவார். ஒருத்தன் செய்தால் ஆகிற நேரத்தில் பாதி. வேலை கொடுக்கிறவர்கள் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரே ஆளு போட்ட மாதிரி இருக்குய்யா" என்பார்கள். அதில் எங்கள் இரண்டு பேருக்கும் கொள்ளைத் தலைக்கனம்.

பதினாறு வருஷத்தில் அந்த மனுஷன் ஒரு தடவைகூட ஆறு மணியில் ஆரம்பித்ததில்லை. ஒன்பது மணிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன். உங்கள் சூப்பர்வைசர் அம்மா கண்ணுக்குச் சுற்றிப் போடச் சொல்.

சனிக்கிழமை ஒரு துண்டு பைப்பைச் சாய்த்துக் கட்டிவிட்டு, என் இடக்கையோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவருக்கு என் பக்கம் எப்படியோ அப்படித்தானே எனக்கு அவர் பக்கம் இருக்கும். எழுதிக்கொள். சரியாக ஆறில் ஆரம்பிக்கக் கூடாது. ஆறைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஒரு விரல் தள்ளி ஆரம்பிக்க வேண்டும். அந்த ஆரம்ப முனையைக் கிரைண்டரில் கத்தி வாய் மாதிரி மெலிதாக்கிவிட்டுத்தான் மறுபக்கம் கோக்க வேண்டும். அடியில் ராடை இடைவெளிக்குள் நன்றாகத் தள்ள வேண்டும். ஒட்டிக்கொள்ளுமோ என்று பயம் வரும், வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். எட்டு மணி தாண்டினால் தன் முழங்கையே தன் கண்ணை மறைக்கும். அப்போது தலையை மறுபக்கம் சாய்த்துக்கொள்ளச் சொல்.

எங்கே தெரிந்துகொண்டாய் என்று கேட்டால் ஏதோ வீடியோவில் பார்த்தேன் என்று சொல். என் பெயரை எடுத்தால் அவர் கேட்க மாட்டார்.

அண்ணன்


மார்ச் 12

அண்ணா,

சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தேன். "வெல்டிங் பத்தி ஒரு வீடியோ பார்த்தேங்க." இவர் தட்டிலிருந்து நிமிரவில்லை. "நீயா?" என்றார். நான் நீ எழுதியதை மனப்பாடமாக ஒப்பித்தேன். ஒட்டிக்கொள்ளுமோ என்று பயம் வரும், வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்ற இடத்தில் மெல்வதை நிறுத்தினார்.

"யாரு பேசுறது அந்த வீடியோல?"

"யாரோ வயசானவர்."

"கோபக்காரரா?"

"கொஞ்சம்."

திரும்ப மெல்ல ஆரம்பித்தார். "வேற என்ன சொன்னாரு?" என்றார். சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார். வீடியோவைக் காட்டு என்று மட்டும் கேட்கவில்லை. நீ என்ன நினைக்கிறாயோ, எனக்கு ஒன்றும் தெரியாது.

ஆறு மணி ஓட்டை இப்போது விழுவதில்லையாம். ஆனால் எட்டு மணியில் கை ஆடுகிறதாம். பத்துத் துண்டு போட்டால் நான்கு தேறுகிறது. நான்கு போதாது அண்ணா. பள்ளிக்கூடத்திலிருந்து ஏப்ரலுக்குப் பிறகான அனுமதிச் சீட்டின் நகலைக் கேட்டு இரண்டாவது தடவையாகத் தாள் வந்துவிட்டது. வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நிறுத்தி, மே மாதமும் இருப்பீர்களா என்று கேட்டார். இருப்போம் என்று சொல்லிவிட்டு மேலே வந்து சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தேன். உன் மருமகளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிற பிள்ளை தன் பிறந்த நாளுக்குக் கூப்பிட்டிருக்கிறாள், மே மாதத்தில். இவள் என்னிடம் வந்து, "இருப்போமான்னு சொல்லும்மா, இருந்தா அவகூட ஃபிரெண்ட் ஆயிக்கிறேன்" என்கிறாள்.

இன்னொன்று. மூன்று நாளாகக் குடைகிறது, கேட்டுவிடுகிறேன். இவருக்கு அனுபவச் சான்று எழுதிக் கொடுத்தது நீ. இவர் பையில் இருந்ததை எடுத்துத் திரும்பப் படித்தேன். "எல்லா நிலையிலும் தனியாகப் பைப் வெல்டிங் செய்யக்கூடியவர்" என்று எழுதி முத்திரை வைத்திருக்கிறாய். தனியாக என்று எழுதும்போது உனக்கு இது ஞாபகம் வரவில்லையா?

உன் தங்கை


மார்ச் 21

தங்கைக்கு,

நான்கு தாள் கிழித்துப் போட்டாயிற்று. இது ஐந்தாவது.

ஞாபகம் வந்தது.

அதுவரை எனக்கும் உறைத்ததில்லை. அந்த வார்த்தையில் பேனா நின்றது. அவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "என்ன மச்சான், பேனா எழுதலையா?" என்றார். "எழுதுது" என்று எழுதி முடித்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மாப்பிள்ளை, கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் முழு பைப்பும் தனியாப் போட்டுப் பழகிக்க. அவ்வளவுதான். அவருக்கு இரண்டு மாதம் நேரமும் இருந்தது.

சொல்லவில்லை. போகட்டும், அங்கே பரீட்சையில் மாட்டட்டும், நான்கு மாதத்தில் மூட்டை முடிச்சோடு திரும்பி வரட்டும் என்று நினைத்தேன். வாசலில் நிற்கக் கூடாது என்று சொன்னதெல்லாம் வாய்ச்சவடால். வந்து நிற்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். உன்னையும் பிள்ளையையும் நினைத்துப் பார்க்கவில்லையா என்று கேட்பாய். நினைத்தேன். நீங்களும் வந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன்.

அவர் போனபின் ஒரு ஆலையிலிருந்து பைப் வேலை வந்தது. மேலே பன்னிரண்டு மணியில் மூடத் தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றேன். ஆலைக்காரர் வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டார். இப்போது இரும்புக் கேட்டும் சன்னல் கிராதியும் செய்துகொண்டிருக்கிறேன். எனக்கு வேண்டியதுதான். இது அண்ணிக்கும் தெரியாது, சான்று விஷயத்தைச் சொல்கிறேன்.

அண்ணன்


மார்ச் 30

அண்ணா,

சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். அப்பாவுக்கு அப்புறம் எனக்கு அப்பா நீதான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். எங்கள் மூன்று பேரையும் கிணற்றில் இறங்கவிட்டு, ஏணி இல்லை என்று தெரிந்தும் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கை இன்னும் ஆடும். அதற்காகத்தான், உனக்காக அல்ல. பதில் எழுத வேண்டாம்.


ஏப்ரல் 6

தங்கைக்கு,

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். திட்டிக்கொண்டே படி, ஆனால் கடைசிவரை படி. இது கூரியரில் வருகிறது, பரீட்சைக்கு முன்னால் கிடைத்துவிடும்.

முழங்கை மறைத்தால் தலையைச் சாய்க்கச் சொல்லியிருந்தேன். அது தப்பு. தலையைச் சாய்த்தால் கழுத்து இழுக்கிறது, கழுத்து இழுத்தால் கை ஆடுகிறது. எட்டு மணியில் அவருக்கு ஆடுவது அதனால்தான். மூன்று வாரமாகத் தினமும் பட்டறையைச் சாத்தும் முன் போட்டுப் பார்த்ததில் இப்போதுதான் பிடிபட்டது. விஷயம் தலையில் இல்லை, காலில் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் ஆரம்பிக்கும்போது சுகமாக நின்றுகொண்டு, ஏற ஏற உடம்பை முறுக்கிக்கொண்டே போவோம். அவரவர் பக்கத்தில் அது நடந்துவிடும், மறுபக்கத்தில் நடக்காது. முடிக்கப்போகிற இடத்துக்கு முதலிலேயே காலை ஊன்றிவிட வேண்டும். ஆறில் ஆரம்பிக்கும்போது இடுப்பு முறுக்கிக்கொண்டு இருக்கும், படாதபாடாக இருக்கும், அப்படியே இருக்கட்டும். மேலே போகப் போக அந்த முறுக்குத் தானாக அவிழும். ஒன்பதுக்கு வரும்போது சும்மா நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருப்பார். கால் மட்டும் நகரக் கூடாது.

நேற்று ஐந்து துண்டு போட்டேன். ஐந்தும் ஏறிவிட்டது. மேலே மூடுவதுதான் வரவில்லை, அது உங்கள் கவலை இல்லை.

அவர் தேற வேண்டும். நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

அண்ணன்


ஏப்ரல் 20

அண்ணா,

உன் கூரியர் பதினான்காம் தேதியே வந்துவிட்டது. பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க மிக்ஸிக்குப் பின்னால் வைத்திருந்தேன். கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். மறுநாள் இவர் துண்டு பைப்பில் எட்டுப் போட்டு நான்கு தேறி, அதே நான்கோடு வந்து செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்ததைப் பார்த்தபோது பிரித்தேன். கால் விஷயத்தை மட்டும் வாசித்தேன். "வீடியோல புதுசா ஒண்ணு போட்டிருக்காங்க" என்றேன். இவர் உடனே மேசைக்கடியில் போனார். இடுப்பை ஒடித்துக்கொண்டு படுத்துப் பென்சிலை ஆறில் வைத்து ஒன்பது வரைக்கும் போனார். திரும்ப ஆறுக்கு வந்தார், திரும்பப் போனார். "அட" என்றார்.

பதினெட்டாம் தேதி காலை ஏழரைக்குக் கிளம்பினார். சாயங்காலம் நாலரை வரைக்கும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஒரே துணியை இரண்டு தடவை துவைத்தேன். பள்ளி விட்டு வந்த பிள்ளை வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டது. படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டால் அவரா அவரா என்று இரண்டு பேரும் எழுந்திருப்போம், யாராவது இரண்டாம் மாடியோடு நின்றுவிடுவார்கள்.

தேறிவிட்டார். சூப்பர்வைசர் அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடப் பேனா தேடினாராம். தேடின அந்த நேரம்தான் தன் வாழ்க்கையிலேயே நீளமான நேரம் என்கிறார். திங்கட்கிழமையிலிருந்து வெல்டர். மூன்று பேருக்கும் நான்கு வருஷத்துக்கு அனுமதி கிடைக்கும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

நேற்று என்னை உட்காரவைத்து, "அந்த வீடியோக்காரருக்கு ஒண்ணு எழுதிப் போடு" என்றார். எந்த வீடியோக்காரர் என்று நானும் கேட்கவில்லை. "அவருக்கு மேல மூடத் தெரியாது. பதினாறு வருஷமா நான்தானே மூடினேன்" என்று சொல்லிவிட்டு, சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். பதினொன்றரை மணிக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டுமாம். எதிர்ப்பக்கத்து முனையை மெலிதாகத் தேய்த்துவிட்டு, ராடை அடியில் தள்ளுகிற மாதிரி தள்ளாமல், தொட்டும் தொடாமலும் நகர்த்த வேண்டுமாம். மேலே உலோகம் தானாகவே உள்ளே இறங்கப் பார்க்குமாம், அவசரப்பட்டால் ஓட்டை விழுமாம். கடைசித் துளையை மூடும்போது மூச்சை விடக் கூடாதாம். "மச்சானுக்குப் பொறுமை கிடையாது, அங்கதான் கெடுப்பாரு" என்றார். மச்சான் என்று வாய் தவறி வந்ததை இவர் கவனிக்கவில்லை, நானும் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

இனி நான் சொல்ல வேண்டியது. இவர் கதவைத் திறந்து "தேறிட்டேன்" என்று சொன்னதும் உன் மருமகள் கட்டில்மேல் ஏறிக் குதித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று இவர் வெளியே நின்று பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அண்ணா, நாலு வருஷம் என்று காதில் விழுந்த அந்த நொடியில், காலையிலிருந்து நான் எதற்காகப் படிக்கட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரிந்துபோயிற்று. தோற்றுவிட்டு வரட்டும், எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம் என்று என் மனதில் ஒரு மூலை காத்துக்கொண்டிருந்திருக்கிறது. உன்னை அந்தப் பேச்சுப் பேசிய நான்தான்.

நீ செய்ததை நான் இவரிடம் சொல்ல மாட்டேன். நான் நினைத்ததை நீயும் சொல்லிவிடாதே.

உன் தங்கை